திக்கிய நாவும் திறந்த கதவும்: அனைரின் பெவன் வாழ்வும் பணியும்

நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் பணித்தபோது, கவிஞர்கள் கூடும் அவையில் ஓர் அரசியலாளரைப் பற்றிப் பேசுவது பொருந்துமோ என்னும் தயக்கம் எனக்கு எழாமல் இல்லை. ஆயினும், நான் தேர்ந்துகொண்ட மனிதர் ஒரு பழம்புலவரின் பெயரைத் தாங்கியவர். பேச வராத நாவைச் சொற்களாலேயே பழக்கி வென்றவர். அந்நாவால் ஒரு நாட்டின் மருத்துவமனைக் கதவுகளை ஏழைக்கும் செல்வர்க்கும் ஒருங்கே திறந்துவைத்தவர். சொல்லையே தொழிலாகக் கொண்ட நாம் அவரை அறிந்துகொள்வதில் பிழையில்லை என்று தெளிந்தேன்.

திருக்குறளில் மருந்து அதிகாரத்தின் இறுதிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கிறது. நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து பேணுபவர் என்பன அவை. வகுப்பறையில் இக்குறளை நடத்தும்போதெல்லாம் என் மனம் ஐந்தாவதாக ஒன்றை நாடிச் செல்லும். மருந்தின் விலையை யார் தருவது என்பதே அது. என் தாயார் வயிற்று வலியை மாதக்கணக்கில் எங்களிடம் மறைத்து வைத்திருந்தார். கேட்டதற்கு, "உங்களுக்குப் பரீட்சைக் கட்டணம் கட்ட வேண்டிய மாதம்" என்றார். வலியினும் செலவுக்கே அவர் அதிகம் அஞ்சினார். இவ்வச்சம் உலகெங்கும் உள்ள தாய்மார்க்குப் பொதுவானது. அதனைச் சட்டத்தின் துணைகொண்டு போக்க முயன்றவரே இக்கட்டுரைக்குரிய அனைரின் பெவன்.

பெயரும் பிறப்பும்

பிரித்தானியத் தீவின் மேற்குப் பகுதியில் உள்ள மலைநாடு வேல்ஸ். அங்கே ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்தவராகக் கருதப்படும் புலவர் அனைரின். போர்க்களத்தில் மாண்ட மறவர்களைப் பெயர் சொல்லிப் புலம்பும் பழம்பாடற் தொகுதி ஒன்று அவர் பெயரால் வழங்குகிறது. நம் புறத்திணைக் கையறுநிலைப் பாடல்களைப் படித்தவர்க்கு அது அந்நியமாகத் தோன்றாது. அப்புலவரின் பெயரே ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகனுக்கு இடப்பட்டது.

1897 நவம்பர் 15ஆம் நாள் தென் வேல்ஸின் டிரெடிகர் என்னும் நகரில் பெவன் பிறந்தார். தந்தை டேவிட் நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்தவர். வேல்ஸ் மொழிக் கவிதையிலும் இசையிலும் தோய்ந்தவர். தாய் ஃபீபி தையல் தொழில் அறிந்தவர். கணக்காகக் குடும்பம் நடத்தியவர். பிறந்த பிள்ளைகள் பத்துப் பேர். அவருள் சிலர் சிறு பருவத்திலேயே மறைந்தனர். தந்தை போற்றிய மொழி வீட்டில் பிள்ளைகளின் நாவில் தங்கவில்லை. அவர்கள் ஆங்கிலம் பேசியே வளர்ந்தனர். மொழி ஒரு தலைமுறையில் வீட்டைவிட்டு எவ்வாறு வெளியேறுகிறது என்பதற்கு இஃதும் ஒரு சான்று.

சுரங்கமும் நூலகமும்

பள்ளி பெவனுக்கு உவப்பாக அமையவில்லை. திக்குவாய் அவரைப் பெரிதும் வருத்தியது. பதின்மூன்றாம் வயதில் பள்ளியை விட்டுச் சுரங்கத்துள் இறங்கினார். பகலில் நிலத்தின் அடியில் கரி வெட்டியவர், மாலையில் டிரெடிகர் தொழிலாளர் மன்றத்தின் நூலகத்தில் அமர்ந்து படித்தார். அந்நூலகம் தொழிலாளரே தம் கூலியிலிருந்து ஈந்த காசில் நடந்தது.

திக்குவாயோடு அவர் நிகழ்த்திய போராட்டம் நாம் ஊன்றி நோக்கத்தக்கது. சில எழுத்துகளில் தொடங்கும் சொற்கள் அவருக்கு வாரா. அச்சொல் வருமிடத்தில் அதே பொருளுடைய வேறு சொல்லைத் தேட வேண்டும். அதுவும் பேச்சு ஓடிக்கொண்டிருக்கையிலேயே தேட வேண்டும். ஆகவே ஒரு பொருட்கு உரிய பல சொற்களை மனத்துள் சேமித்தார். மலைச்சரிவுகளில் தனியே நடந்து கவிதைகளை உரக்கச் சொல்லிப் பழகினார். நம் நாட்டில் நிகண்டுகளை மனப்பாடம் செய்த மாணவர் செய்யுள் இயற்றுதற்பொருட்டுச் செய்ததை, இவர் வாய்திறந்து பேசுதற்பொருட்டே செய்தார். பிற்காலத்தில் நாடாளுமன்றத்தில் சர்ச்சிலுக்கு ஈடு கொடுத்த நாவன்மை இவ்வாறு உருவானதே ஆகும். அப்போதும் திக்கல் முற்றும் நீங்கிற்றில்லை. சில வேளைகளில் அவர் ஒரு கணம் நிறுத்துவார். அந்நிறுத்தமே கேட்போரைச் சொல்லுக்காகக் காத்திருக்கச் செய்தது.

இளமையிலேயே தொழிற்சங்கப் பணியில் ஈடுபட்ட பெவன், 1919 முதல் ஈராண்டுகள் இலண்டனில் தொழிலாளர் கல்லூரி ஒன்றில் சங்கத்தின் உதவியோடு பயின்றார். ஊர் திரும்பியவர்க்கு வேலை கிடைக்கவில்லை. வேலையற்றிருந்த அக்காலத்தில், 1925இல், தந்தை டேவிட் நிலக்கரித் தூசியால் வந்த நுரையீரல் நோய்க்கு இரையானார். மகனின் கைகளிலேயே அவர் உயிர் பிரிந்தது. அந்நோய் அன்று தொழிலால் வந்த நோயாகச் சட்டத்தில் ஏற்கப்படாமையால் குடும்பத்திற்கு இழப்பீடு ஏதும் கிட்டவில்லை. பெவனின் பிற்கால வேகத்திற்குக் கோட்பாடு ஒரு காரணம் என்றால், இம்மரணம் மற்றொரு காரணம் எனலாம்.

ஊர் தந்த பாடம்

டிரெடிகரில் அவர் கண்ட மற்றொரு காட்சியும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அவ்வூர்த் தொழிலாளர் மருத்துவ உதவிச் சங்கம் ஒன்றை நிறுவியிருந்தனர். சம்பளத்தில் ஒரு பவுண்டுக்கு மூன்று பென்னி என்ற அளவில் பிடித்துக்கொள்ளப்படும். அத்தொகையைக் கொண்டு சங்கம் மருத்துவர்களை அமர்த்தியது, மருந்தகம் நடத்தியது, பல் மருத்துவமும் செவிலியர் பணியும் வழங்கியது. தொழிலாளர்க்கு மட்டுமன்றி அவர் மனைவி மக்களுக்கும் இவ்வுதவி கிடைத்தது. ஏறத்தாழ 24,000 பேர் வாழ்ந்த நகரில் 20,000 பேர் அளவினர் இதன் நிழலில் இருந்தனர்.

இச்சங்கத்தில் 1920களின் தொடக்கத்தில் பணியாற்றிய இளம் மருத்துவர் ஒருவர் பின்னாளில் பெரும் புதின ஆசிரியர் ஆனார். அவரே ஏ. ஜே. குரோனின். 1937இல் வெளிவந்த 'தி சிட்டாடல்' என்னும் அவரது புதினம் சுரங்க ஊரின் நோய்களையும் பணத்தைத் துரத்தும் மருத்துவத்தையும் ஒருங்கே காட்டிப் பெரும் வாசகர் கூட்டத்தைப் பெற்றது. மருத்துவச் சீர்திருத்தத்தை மக்கள் விரும்பும் மனநிலையை உருவாக்கியதில் அதற்கும் பங்குண்டு என்பது பலர் கருத்து. ஓரூரின் வாழ்வு ஒரு புதினமாகவும், பின்னர் ஒரு நாட்டின் சட்டமாகவும் மலர்ந்தமை இலக்கியம் பயில்வோர் மகிழத்தக்க செய்தி.

டிரெடிகருக்கு வெளியே நிலை வேறாக இருந்தது. 1911இல் லாயிட் ஜார்ஜ் கொண்டுவந்த காப்பீட்டுச் சட்டம் குறைந்த வருவாய்த் தொழிலாளர்க்கு மருத்துவர் உதவியை உறுதி செய்தது. ஆனால், கூலிக்குச் செல்லாத மனைவியும் குழந்தைகளும் அதன் வேலிக்கு வெளியே நின்றனர். மருத்துவமனைகளுள் சில நன்கொடையால் நடந்தன. சில உள்ளாட்சி மன்றங்களின் பொறுப்பில் இருந்தன. அவற்றுள் பல பழைய வறியோர் விடுதிகளின் எச்சங்கள். நன்கொடை மருத்துவமனைகளில் நோயாளியின் வருவாயை விசாரித்து அவர் எவ்வளவு தர இயலும் என்று மதிப்பிடுவதற்கென்றே அலுவலர் இருந்தனர். வலியோடு வந்தவர் முதலில் தம் வறுமையை மெய்ப்பிக்க வேண்டியிருந்தது.

சட்டம் பிறந்த வரலாறு

1922இல் நகர மன்ற உறுப்பினரான பெவன், 1929இல் எப்பு வேல் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் புகுந்தார். இறுதிவரை அத்தொகுதி அவரைக் கைவிடவில்லை. 1934இல் ஸ்காத்லாந்துச் சுரங்கத் தொழிலாளியின் மகளும் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவருமான ஜென்னி லீயை மணந்தார். 1939இல் கட்சிக் கட்டுப்பாட்டை மீறினார் என்று தொழிற்கட்சி அவரைச் சில மாதங்கள் நீக்கிவைத்தது. உலகப் போர்க்காலத்தில் சர்ச்சிலைக் குறை கூற நாடே தயங்கியபோது இவர் தயங்கவில்லை.

1942 டிசம்பரில் வெளிவந்த பெவரிட்ஜ் அறிக்கை, அனைவர்க்கும் உரிய மருத்துவ அமைப்பு வேண்டும் என்பதைத் தன் திட்டத்திற்கு அடிப்படையாகக் கொண்டது. 1944இல் கூட்டு அரசாங்கமும் அது குறித்து வெள்ளையறிக்கை வெளியிட்டது. ஆகவே இக்கருத்து பெவன் ஒருவரின் படைப்பு என்று கூறுதல் வரலாற்றுக்கு ஒவ்வாது. அவர் செய்தது, பலர் வரைந்து வைத்திருந்த கோட்டைத் துணிந்து மாற்றி வரைந்தமை. 1945 தேர்தலில் தொழிற்கட்சி பெருவெற்றி பெற்றபோது, பிரதமர் அட்லி இவரை மருத்துவ நல அமைச்சராக்கினார். வயது 47. அமைச்சரவையில் அவரே இளையவர். வீட்டு வசதியும் அவர் பொறுப்பிலேயே இருந்தது.

மருத்துவமனைகளை என் செய்வது என்பதே முதற் சிக்கல். உள்ளாட்சி மன்றங்களிடமே விட்டுவிட வேண்டும் என்றார் மூத்த அமைச்சர் ஹெர்பர்ட் மாரிசன். செல்வ வளமுள்ள வட்டாரத்திற்கு நல்ல மருத்துவமும் வறிய வட்டாரத்திற்குத் தாழ்ந்த மருத்துவமும் அமைவதையே அது நிலைநிறுத்தும் என்று பெவன் வாதிட்டார். நன்கொடை மருத்துவமனை, உள்ளாட்சி மருத்துவமனை என்னும் வேறுபாடின்றி அனைத்தையும் அரசுடைமையாக்க வேண்டும் என்றார். அட்லி பெவன் பக்கம் நின்றார். 1946 நவம்பர் 6ஆம் நாள் தேசிய மருத்துவ நலச் சட்டம் அரசரின் இசைவு பெற்றது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2,600க்கு மேற்பட்ட மருத்துவமனைகள் அதன்வழி அரசின் பொறுப்பாயின. எதிர்க்கட்சியாக இருந்த பழமைக் கட்சி இம்மசோதாவை எதிர்த்து வாக்களித்தது.

மருத்துவர்களோடு நடந்த போர்

சட்டம் நிறைவேறிற்று, மருத்துவர்கள் இசையவில்லை. அரசின் சம்பள ஊழியராகித் தம் உரிமையை இழப்போம் என்று அஞ்சினர். பிரித்தானிய மருத்துவச் சங்கம் கடும் எதிர்ப்பைத் தொடங்கியது. பெவனை ஹிட்லரோடு ஒப்பிட்டு எழுதியோரும் இருந்தனர். 1948 பிப்ரவரியில் சங்கம் நடத்திய வாக்கெடுப்பில் 40,000க்கு மேற்பட்டோர் எதிர்த்தும் 5,000க்கும் குறைவானோர் ஆதரித்தும் வாக்களித்தனர். அமைப்பு தொடங்கவிருந்த நாளுக்கு ஐந்து மாதங்களே எஞ்சியிருந்தன.

இவ்விடத்தில் பெவனின் மற்றொரு முகத்தைக் காண்கிறோம். மேடையில் இடியென முழங்கியவர் அறைக்குள் பேரம் பேசத் தெரிந்தவர். சர்ச்சிலின் மருத்துவரும் மருத்துவ அறிஞர் கல்லூரியின் தலைவருமான மோரன் பிரபுவின் துணையோடு, பெரிய மருத்துவமனைகளின் சிறப்பு மருத்துவர்களைத் தம் பக்கம் ஈர்த்தார். அரசு மருத்துவமனையில் பணியாற்றிக்கொண்டே அவர்கள் தனிப்பட்ட முறையில் கட்டணம் பெறவும், அதற்கெனச் சில படுக்கைகளை ஒதுக்கிக்கொள்ளவும் இசைந்தார். அவர்தம் வாய்களைப் பொன்னால் அடைத்தேன் என்று அவரே கசப்போடு சொன்னதாக ஒரு செய்தி வழங்குகிறது. குடும்ப மருத்துவர்கள் முழுச் சம்பள ஊழியராக்கப்பட மாட்டார்கள் என்று 1948 ஏப்ரலில் நாடாளுமன்றத்தில் உறுதி கூறினார். அவர்கள் தொழிலை விற்கும் உரிமையை இழந்ததற்கு ஈடாக 6 கோடியே 60 இலட்சம் பவுண்டு ஒதுக்கப்பட்டது.

இவ்விட்டுக்கொடுத்தல் சரியா? கொள்கைத் தூய்மையை விரும்புவோர் அன்றும் இதனைக் குறை கூறினர். தனிக் கட்டணப் படுக்கை என்னும் சிறு துளையின் வழியே பின்னர்ப் பல சிக்கல்கள் நுழைந்தன என்பதும் உண்மையே. எனினும் பெவன் எதை விட்டார், எதை விடவில்லை என்று பிரித்துக் காண வேண்டும். மருத்துவர் எவ்வாறு ஊதியம் பெறுவது என்பதில் வளைந்தார். நோயாளி மருத்துவம் பெறும் இடத்தில் காசு தரலாகாது என்பதில் அணுவும் வளையவில்லை.

1948 ஜூலை 5

அந்நாளில் மான்செஸ்டருக்கு அருகில் உள்ள பார்க் மருத்துவமனைக்கு அமைச்சர் சென்றார். புதிய அமைப்பின் முதல் நோயாளியான பதின்மூன்று வயதுச் சிறுமியின் கட்டிலருகே நின்று பேசினார். வேல்ஸின் அம்மன் பள்ளத்தாக்கில், நள்ளிரவு பன்னிரண்டு மணிக்கு ஒரு நிமிடம் கழிந்து ஒரு பெண் குழந்தை பிறந்தது. அந்த ஒரு நிமிடம் பொறுத்திருக்குமாறு தாயிடம் மருத்துவமனையில் இருந்தோர் வேண்டினராம். சில நிமிடம் முன்னே பிறந்திருப்பின் பேற்றுச் செலவு குடும்பத்தைச் சேர்ந்திருக்கும். அக்குழந்தைக்கு அனைரின் என்னும் பெயரின் பெண்பால் வடிவத்தையே சூட்டினர். ஆறாம் நூற்றாண்டுப் புலவனின் பெயர் இவ்வாறு ஒரு தொட்டிலுக்கும் வந்து சேர்ந்தது.

கதவு திறந்ததும் உள்ளே வந்தோரைக் கண்டு மருத்துவர்களே திகைத்தனர். அவருள் பெண்கள் மிகுதி. கருப்பை இறக்கத்தோடு ஆண்டுக்கணக்கில் வீட்டு வேலை செய்தவர்கள், குடல் இறக்கத்தைத் துணியால் கட்டிக்கொண்டு நடமாடியவர்கள், கடைகளில் கிடைத்த பழைய கண்ணாடியை அணிந்து பார்த்துத் தமக்கு ஏற்றதைத் தாமே பொறுக்கிக்கொண்டவர்கள் எனப் பலர் வந்தனர். முதல் ஆண்டில் 50 இலட்சத்துக்கு மேற்பட்ட மூக்குக் கண்ணாடிகள் வழங்கப்பெற்றன. செலவு மதிப்பீட்டைக் கடந்தது. இலவசம் என்றதும் மக்கள் வீணாக்குகின்றனர் என்று நகைத்தோர் உண்டு. கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் பின்னரே தம் உடலை எண்ணிய ஒரு தலைமுறைப் பெண்கள் மறைத்து வைத்திருந்த வலியே அவ்வாண்டின் கணக்கில் செலவாகப் பதிவாயிற்று என்பது என் கருத்து. பின்னர் அமைக்கப்பட்ட கில்போ குழு 1956இல் அளித்த அறிக்கையும் வீண்செலவு என்னும் குற்றச்சாட்டை ஏற்கவில்லை. நாட்டு வருவாயில் மருத்துவ அமைப்பின் பங்கு 1949-50இல் 3.75 விழுக்காடாக இருந்து 1953-54இல் 3.25 ஆகக் குறைந்திருந்தது என்று அது காட்டியது.

சொல் செய்த தீங்கு

அமைப்பு தொடங்குதற்கு முந்திய நாள், மான்செஸ்டரில் நடந்த பொதுக்கூட்டத்தில் பெவன் தம் இளமை வறுமையை நினைவுகூர்ந்தார். அச்சினத்தில், பழமைக் கட்சியினரைப் புழு பூச்சியினும் இழிந்தவர் என்னும் பொருள்படப் பேசிவிட்டார். மறுநாள் நாளிதழ்களில் மருத்துவ அமைப்பின் செய்தியோடு இச்சொல்லும் பெரிதாக இடம்பெற்றது. எதிர்க்கட்சியினர் அதனைப் பல்லாண்டுகள் மறக்கவில்லை. தம் கட்சியினரும் வருந்தினர்.

பல சொற்களுள் ஒன்றைத் தேர்ந்தே பேசிப் பழகிய மனிதர், அன்று தேராமல் ஒரு சொல்லை விட்டார். தந்தையின் மரணம், வேலையின்மை, பட்டினி ஆகியவற்றின் நினைவு அச்சொல்லை உந்தியது என்று நாம் விளங்கிக்கொள்ளலாம், போற்ற வேண்டியதில்லை. சினத்தின் நியாயம் வேறு, சொல்லின் நியாயம் வேறு. மேடைக் கவிதையில் கைத்தட்டலுக்காகச் சுடுசொல் தேடும் நம்மவர்க்கும் இந்நிகழ்ச்சி எண்ணத்தக்கது.

பதவி துறந்த செயல்

1951 ஜனவரியில் பெவன் தொழிலாளர் நல அமைச்சரானார். கொரியப் போரின் பின்னணியில் மூன்று ஆண்டுகளில் 470 கோடி பவுண்டு படைக்கலச் செலவுக்கு அரசு திட்டமிட்டது. நிதியமைச்சர் கெயிட்ஸ்கெல் ஏப்ரல் 10ஆம் நாள் அளித்த வரவு செலவுத் திட்டத்தில், பொய்ப்பற்களுக்கும் மூக்குக் கண்ணாடிகளுக்கும் ஆகும் செலவில் பாதி அளவை நோயாளிகளிடமே பெறுவது என்று அறிவித்தார். அவ்வாண்டில் அதனால் கிடைக்கக்கூடிய தொகை 1 கோடியே 30 இலட்சம் பவுண்டு மட்டுமே. படைக்கலச் செலவோடு ஒப்பிட்டால் இது கடுகளவு. அட்லி அப்போது மருத்துவமனையில் இருந்தார். ஏப்ரல் 22ஆம் நாள் பெவன் பதவி விலகினார். பின்னாளில் பிரதமரான ஹெரால்டு வில்சனும் ஜான் ஃபிரீமனும் அவரோடு விலகினர்.

இதனைத் தன்முனைப்பு என்றோர் பலர். தமக்குக் கிடைக்க வேண்டிய பதவி இளையவரான கெயிட்ஸ்கெலுக்குச் சென்றதே காரணம் என்றனர். அன்றியும், 1949இல் மருந்துச் சீட்டுக்கு ஒரு ஷில்லிங் கட்டணம் பெறச் சட்டத்தில் இடம் செய்தபோது பெவனே இசைந்திருந்தார். அது அவர் காலத்தில் நடைமுறைக்கு வரவில்லை என்பது வேறு. இவற்றை மறைத்து அவரைக் குறையற்றவராகக் காட்டுதல் ஆய்வாளர்க்கு அழகன்று.

ஆயினும் தொகை சிறிது என்பதே அவர் வாதத்தின் உயிர் என்பதை மறத்தலாகாது. சிறு தொகைக்காகக் கொள்கையைக் கைவிட்டால், பெருந்தொகை வேண்டும்போது கைவிடுவதற்கு என்ன எஞ்சும்? அடுத்த ஆண்டே, பழமைக் கட்சி ஆட்சியில், மருந்துச் சீட்டுக் கட்டணம் வந்தது. 1965இல் வில்சன் அரசு அதனை நீக்கியது. 1968இல் அதே அரசு மீண்டும் விதித்தது. வேல்ஸ் ஆட்சி 2007இல் அக்கட்டணத்தை முற்றிலும் நீக்கியது. படைக்கலத் திட்டமும் அறிவித்த அளவில் நிறைவேறவில்லை. அவ்வளவு செலவு இயலாது என்பதை அதே 1951இன் இறுதியில் மீண்டும் பிரதமராகியிருந்த சர்ச்சிலே ஒப்பினார்.

இறுதி ஆண்டுகள்

1952இல் பெவன் எழுதிய நூலின் தலைப்பை 'அச்சத்தின் இடத்தில்' என்று தமிழாக்கலாம். நோயைவிட நோயின் செலவு பற்றிய அச்சமே ஏழைக் குடும்பங்களை அரித்தது என்பதை அந்நூலின் மருத்துவ இயல் விளக்குகிறது. அயல்நாட்டார் இலவச மருத்துவம் பெறுகின்றனர் என்ற குறைக்கும் அதில் விடை உண்டு. யார் அயலார் என்று பிரிக்கத் தொடங்கினால் நாட்டு மக்கள் அனைவருமே தம்மை மெய்ப்பிக்க வேண்டிவரும் என்பது அவர் கருத்து.

1956இல் சூயஸ் படையெடுப்பை எதிர்த்து டிரஃபால்கர் சதுக்கத்தில் பேசினார். 1957இல் அணுக்கருவிகளைப் பிரித்தானியா தானே முன்வந்து கைவிடுவதை எதிர்த்துப் பேசித் தம்மைப் பின்பற்றியோரையே அதிர வைத்தார். 1959இல் கட்சியின் துணைத் தலைவரானார். 1960 ஜூலை 6ஆம் நாள், தாம் தொடங்கிய அமைப்பு பன்னிரண்டாம் ஆண்டை நிறைவு செய்த மறுநாள், வயிற்றுப் புற்றுநோயால் மறைந்தார். வயது 62. துணைவியார் ஜென்னி லீ பின்னர்க் கலைத்துறை அமைச்சராகித் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தோன்ற உழைத்தார். கணவர் மருத்துவமனைக் கதவைத் திறந்தார்; மனைவி கல்லூரிக் கதவைத் திறந்தார்.

எச்சம்

பெவன் விட்டுச்சென்றது ஒரு கட்டடம் போல முடிந்த பொருளன்று. வேல்ஸின் சுரங்கச் சிற்றூர் ஒன்றில் நெடுங்காலம் பணியாற்றிய மருத்துவர் ஜூலியன் டியூடர் ஹார்ட் 1971இல் ஓர் உண்மையை எடுத்துரைத்தார். நல்ல மருத்துவம் யாருக்கு மிகவும் தேவையோ அவர்க்கே அது குறைவாகக் கிட்டுகிறது. சந்தையின் ஆதிக்கம் மிகும் இடத்தில் இம்முரண் மேலும் மிகும் என்பது அவர் கூற்றின் சாரம். சட்டம் கதவைத் திறக்கலாம். கதவு வரை நடந்துவர வழியும் வேண்டும் என்பதை இது உணர்த்துகிறது. பெருந்தொற்றுக்குப் பின் இங்கிலாந்தில் சிகிச்சைக்குக் காத்திருப்போர் பட்டியல் 2023இல் 70 இலட்சத்தைக் கடந்திருந்தது. காசு கேட்காத கதவும் நெடுநேரம் திறவாதிருப்பின் பயன் என்ன என்னும் கேள்வி நியாயமானதே.

இவ்வமைப்பைத் தாங்கிய தோள்களுள் நம்மவர் தோள்களும் உண்டு. இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் சென்ற மருத்துவர் பலர், தமிழர் உட்பட, பிறர் செல்லத் தயங்கிய தொழில் நகரங்களிலும் சுரங்க ஊர்களிலும் குடும்ப மருத்துவராகப் பணியாற்றினர். பெவன் சட்டம் இயற்றிய அதே 1946இல், இந்தியாவில் ஜோசப் போர் தலைமையிலான குழு தன் அறிக்கையை அளித்தது. பணம் தர இயலாமையால் எவருக்கும் மருத்துவம் மறுக்கப்படலாகாது என்பதை அதுவும் முதற் கொள்கையாகக் கொண்டது. அக்குழுவில் சென்னையின் டாக்டர் ஆ. இலட்சுமணசாமி முதலியாரும் உறுப்பினர். ஒரே ஆண்டில் இரு நாடுகளில் ஒரே கருத்து எழுதப்பட்டது. அங்கே அதனைச் சட்டமாக்கப் பிடிவாதமுள்ள ஓர் அமைச்சர் வாய்த்தார். இங்கே அறிக்கை நெடுங்காலம் அறிக்கையாகவே இருந்தது. அதன் பரிந்துரைகளுள் ஒரு பகுதியே ஆரம்ப சுகாதார நிலையங்களாக உருப்பெற்றது.

டிரெடிகருக்கு அருகில் உள்ள மலைமேட்டில், அவர் திறந்தவெளியில் பேசிவந்த இடத்தில், நான்கு கற்கள் நாட்டப்பட்டுள்ளன. பெரிய கல் பெவனைக் குறிக்கும். மற்ற மூன்றும் அவர் தொகுதிக்குட்பட்ட எப்பு வேல், ரிம்னி, டிரெடிகர் என்னும் ஊர்களைக் குறிக்கும். போரில் வீழ்ந்த மறவர்க்கு நடுகல் எடுத்துப் பெயரும் பீடும் எழுதிய மரபில் வந்த நமக்கு அக்கற்களின் பொருள் எளிதில் விளங்கும். தனியொருவர்க்குக் கல் நடாமல், அவரை உருவாக்கிய ஊர்களையும் உடன் நிறுத்திய அம்மக்களின் அறிவு போற்றத்தக்கது. மருத்துவ உதவிச் சங்கத்துக்கு மூன்று பென்னி தந்த பெயர் தெரியாத தொழிலாளி இல்லையேல் பெவனும் இல்லை.

என் தாயார் இன்று இல்லை. பரீட்சைக் கட்டணத்துக்கும் மருந்துச் செலவுக்கும் இடையே ஒன்றைத் தேர வேண்டியிருந்த அந்த மாதத்தை எண்ணும்போதெல்லாம், மருந்து அதிகாரத்தின் இறுதிக் குறளை நான் மாணவர்க்கு நடத்தும் முறையும் சிறிது மாறிவிட்டது. நான்கு கூறுகளையும் விளக்கிய பின், "ஐந்தாவது எது?" என்று கேட்கிறேன். அவர்கள் விடை சொல்ல எத்தனை நேரம் எடுத்துக்கொண்டாலும் காத்திருக்கிறேன்.